வலது அக்குள் திறப்பு

குளிர் அறையின் கதவைச் சாத்திவிட்டால் பட்டறையின் சத்தம் எல்லாம் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். உள்ளே ஆளுயர மின்விசிறியின் இரைச்சல் மட்டும்தான். மலை முகட்டில் அடிக்கிற காற்றை அது அப்படியே எடுத்து முகத்தில் அறையும். கொண்டுவந்து வைத்த தண்ணீர் பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்துபோகும். நடுவில் ஒரு டிரெட்மில் ஓட, அதன்மேல் பனிச்சறுக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அக்கா விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கை. பட்டறையில் அவளுக்குக் 'காத்து' என்று பேர். ஜாக்கெட்டுக்குள் காற்று எந்த வழியாகப் புகுந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று யோசித்து, அதற்குத் தகுந்தபடி திறப்பு வைப்பது அவள் வேலை. அந்த வேலையைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், பிடித்துவைத்துச் சொல்லித் தீர்த்துவிடுவாள்.

"பனியில ஆளைக் கொல்றது குளிர் இல்ல, வேர்வை," என்றுதான் ஆரம்பிப்பாள்.

அது நிஜம்தான். மழையையும் பனியையும் உள்ளே விடாத துணி, உள்ளே இருப்பதையும் லேசில் வெளியே விடாது. ஆவி மட்டும் கசிகிற மாதிரி நுண்துளை வைத்த துணிகள் உண்டு; ஆனால் மூச்சிரைக்க மேடேறுகிறவனின் வேர்வைக்கு அந்தத் துளைகள் எந்த மூலைக்கு? உள்சட்டை தொப்பலாக நனைந்துவிடும். அதோடு உச்சியில் போய் நின்றால் காற்று அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் நடுக்கம், அப்புறம் நாக்குக் குழறல், அப்புறம் பனியிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளத் தோன்றும். படுத்தவன் எழுந்திருக்க மாட்டான்.

ஆகவே ஜாக்கெட்டுக்கு ஜன்னல் வேண்டும். அதற்கு அக்குளைவிட நல்ல இடம் கிடையாது. மேலிருந்து விழும் பனியைக் கையே கூரை மாதிரி மறைத்துக்கொள்ளும். உடம்பின் சூடு மொத்தமாக வந்து சேருகிற இடம் அது. நடக்கும்போது கை முன்னும் பின்னும் ஆடுகிறதே, அந்த ஆட்டமே துருத்தி போட்ட மாதிரி உள்காற்றை வெளியே தள்ளும். அங்கே நீளமாக ஒரு ஜிப், அதை இழுத்துத் திறந்து மூட, தலையோடு தலை முட்டிக்கொண்டு இரண்டு ரன்னர். முட்டி நின்றால் மூடியிருக்கும். ஆளுக்கொரு பக்கம் இழுத்துவிட்டால் நடுவில் வாய் திறக்கும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, எங்கே வேண்டுமோ அங்கே.

"ஆரம்பிச்சுட்டா," என்பாள் அக்கா. "மாஸ்டர், கதவைத் திறந்து வைங்க. காத்து வீசுது."

கட்டிங் மாஸ்டர் சிரிப்பார். தொந்தியும் காதில் சொருகிய சாக்குக்கட்டியுமாகப் பட்டறையில் துணி வெட்டுகிறவர். பட்டறை அத்தானுடையது. அக்காவின் புருஷன், ஒரு காலத்தில் பனிச்சரிவில் சறுக்கி ஓடினவர், பலகை மாதிரி தோள். வாங்க வருகிறவர்களிடம் பேச்சில் தேன் ஒழுகும்.

அன்றைக்குச் சோதனை முடிந்து அக்கா ஜாக்கெட்டைக் கழற்றினாள். கையில்லாத மெல்லிய உள்சட்டையோடு வெப்பக் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சூடாக இருக்கிற இடம் வெளுப்பாகவும், குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரிகிற கேமரா அது. எங்கே வேர்வை தங்குகிறது, எங்கே காற்று படுகிறது என்று அதில் படித்துவிடலாம். காத்து படித்தாள். வலது மேற்கையின் பின்பக்கம் சாய்வாக நாலு கோடு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த மாதிரி வெளுப்பாக இருந்தது.

"மாஸ்டர், இங்க வாங்களேன். இது என்ன?"

மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். "வரிக்குதிரை," என்றார். பிறகு இன்னொரு தரம் பார்த்தார். காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து, திரும்ப அங்கேயே சொருகிக்கொண்டார். "தையல் தடமா இருக்கும். எனக்கு வேலை கிடக்கு," என்று போய்விட்டார்.

தையல் தடம். காத்துவின் மூளை அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. அக்குள் ஜிப் அந்த இடத்தில்தான் முடிகிறது. அங்கே ஜிப்பின் முனை ஒரு விளிம்பு, நீர் புகாமல் தையல்மேல் ஒட்டிய டேப் ஒரு விளிம்பு, உள்ளே தைத்த வலைத்துணி ஒரு விளிம்பு, ரன்னர் ஒதுங்குகிற சின்னப் பை ஒரு விளிம்பு. நாலு விளிம்பு, நாலு கோடு. உரசின சதையில் ரத்தம் கூடும்; ரத்தம் கூடினால் சூடு; சூடு என்றால் திரையில் வெளுப்பு. கணக்கு ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்ததும் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அக்கா, ஜிப்பு முனை கையில உரசுதா?"

அக்கா ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தாள். துணிக்குள்ளிருந்தே பதில் வந்தது. "ஆமா. ஜிப்பு முனை உரசுது."

"முன்னாடியே சொல்ல மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தேன்டி."

காத்து மேசையில் உட்கார்ந்து பழைய வரைபடத்தைக் கிழித்துப் போட்டாள். உரசுகிற இடத்தில் முனை இருக்கவே கூடாது. அப்படியென்றால் ஜிப்பை நீட்ட வேண்டும்: விலாவில் ஆரம்பித்து, அக்குள் வழியாக, கையின் அடிப்பக்கமாகவே ஓடி, முழங்கையையும் தாண்டி முன்கை நடுவில் போய் முடிய வேண்டும். வலைத்துணியும் வேண்டாம், பனித்தூள் அப்பிக்கொண்டால் அது எப்படியும் காற்றை அடைக்கிற சனியன்தான். இதையெல்லாம் வலது பக்கம் மட்டும் மாற்றினாள். இடது பக்கம் பழைய குட்டைத் திறப்பும் வலைத்துணியும் அப்படியே இருந்தன. அவர்கள் வேலை செய்கிற முறையே அதுதான். இரண்டு ஜாக்கெட்டை இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்தால், வித்தியாசம் ஜாக்கெட்டில் இருக்கிறதா ஆளில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரே உடம்பு, ஒரே காற்று, ஒரே வேர்வை; வலதுக்கும் இடதுக்கும் மட்டும் போட்டி.

மாதிரி தயாரானதும் அக்காவுக்குப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே கம்பளிச் சட்டை, பஞ்சுச் சட்டை எல்லாம் போட இடம் விட்டு வெட்டுவதால் வெளி ஜாக்கெட் எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். காத்து குனிந்து கீழ் விளிம்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு கை வந்து அவள் காதைத் திருகியது. நிமிர்ந்தால், ஜாக்கெட்டின் வலது கைக்குழல் காலியாகத் தொங்குகிறது. அக்குளிலிருந்து அக்காவின் முழுக்கை முளைத்திருக்கிறது.

"மூணாவது கை!" என்றாள் அக்கா. "முழங்கையை மடக்கி வெளிய விட்டேன், மிச்சம் தானா வந்துருச்சு. மாஸ்டர், உங்க சாக்குக்கட்டியை இப்ப எடுக்கட்டுமா?"

மாஸ்டர் தொந்தி குலுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று என்று காத்துவுக்குத் தோன்றியது. எவ்வளவு நாள் என்று யோசிக்கவில்லை.

"என்ன இங்க கூத்து?"

அத்தான் வாசலில் நின்றார். சிரிப்பு மூன்று பேரிடமும் சட்டென்று அணைந்தது. மாஸ்டரிடம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஒண்ணுமில்ல முதலாளி. அம்மாவுக்கு மூணு கை," என்றார்.

அத்தான் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்தார். அளவு பார்க்கப்போகிறார் என்றுதான் காத்து நினைத்தாள். துணியின் மேல் விரித்து வைத்திருந்த மாஸ்டரின் கைவிரல்களில் அதன் விளிம்பைத் திருப்பி இறக்கினார். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மாஸ்டர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்படியே மேசைக்கடியில் உட்கார்ந்துவிட்டார். வெட்டி வைத்த வெள்ளைத் துணியில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

"வேலை நேரத்துல இளிக்கக் கூடாது," என்றார் அத்தான், கோபமே இல்லாத குரலில். ஸ்கேலைத் துடைத்து வைத்தார். பிறகு காத்துவைப் பார்த்துப் புன்னகைத்தார். "இந்த ஓட்டை என்னம்மா இவ்ளோ நீளம்? வலையும் இல்ல. கோமாளி உடுப்பா விக்கிறோம்? மூடி தைச்சிரு."

"ஒரே ஒரு சோதனை அத்தான். குளிர் அறையில ஒரு தரம் பார்த்துட்டு..."

"பாரு, பாரு. உன் திருப்திக்கு." அக்காவின் தோளில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார். தட்டின இடத்தில் அக்கா சுருங்கினாள். காத்து மாஸ்டரின் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்கவில்லை.

சோதனையன்று காலையில் வந்தபோது டிரெட்மில்லின் பின்பக்கம் திறந்து கிடந்தது. ஓடுகிற ரப்பர் பட்டை பின் உருளையைச் சுற்றி அடியில் நுழைகிற இடத்தை ஒரு தகடு மூடியிருக்கும். அது கடகடவென்று ஆடுகிறது என்று அத்தானே கழற்றி மூலையில் எறிந்திருந்தார்.

"அதை மாட்டாம ஓட்டக் கூடாது அத்தான். பட்டை உள்ள போற இடம், எதைக் கண்டாலும் இழுத்துக்கும்."

"அங்க போய் யாரு கையை விடப்போறா? நடத்து."

அக்கா நடந்தாள். வலது ஜன்னல் முழுசாகத் திறந்து, ரன்னர் இரண்டும் இரண்டு கோடிக்கு ஒதுங்கியிருந்தன. இடது பக்கமும் அப்படியே. திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக் காத்துவுக்குக் கைதட்டலாம் போலிருந்தது. வலது பக்கம் ஈரம் மளமளவென்று இறங்கியது. இடது பக்கம் ஊறிக்கொண்டே இருந்தது. பாதியில் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னாள். இந்தத் தடவை அக்கா முதுகைக் காட்டிவிட்டு, திரும்பி முன்பக்கத்தையும் கேமராவுக்குக் காட்டி நின்றாள்.

பின்பக்கம் நாலு கோடு அப்படியே இருந்தது. முந்தையதைவிடப் பளிச்சென்று.

ஜிப் முனை இப்போது அங்கே இல்லை. டேப் இல்லை, வலை இல்லை, ரன்னர் பை இல்லை. அந்த இடத்தைத் தொடுவதற்கு ஒரு விளிம்பும் கிடையாது. காத்து குழம்பிப்போய் முன்பக்கப் படத்தைப் பார்த்தாள். மேற்கையின் உள்பக்கம், அந்த நாலு கோட்டுக்கு நேர் எதிரே, குட்டையாக, தடிப்பாக, அமுங்கின முட்டை மாதிரி ஒரு வெளுப்பு.

ஜிப்புக்குக் கட்டைவிரல் கிடையாது.

படத்தை அப்படியே திரையில் நிறுத்தினாள். தன் இடது கட்டைவிரலை அந்த வெளுப்பின்மேல் வைத்து, கையைப் பிடிக்கிற மாதிரி மற்ற நாலு விரலையும் பின்னால் வளைத்துப் பார்த்தாள். நாலு கோடு இருந்த இடத்துக்கே விரல்கள் போயின. அவளுடையதைவிடப் பெரிய கை, அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. ஓங்கி அடிக்கிறவன் வலது கையால் அடிப்பான். ஆள் ஓடாமல் இருக்க இடது கையால் பிடித்துக்கொள்வான். எதிரே நிற்கிறவளின் வலது கைதான் அதில் மாட்டும். எப்போதும் வலது கை. எப்போதும் அதே இடம். காற்று போகிற வழியெல்லாம் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அக்கா அதற்குள் ஜாக்கெட்டை மறுபடி மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு பட்டையின்மேல் ஏறியிருந்தாள்.

"இறங்கு."

"என்னடி? இன்னும் பாதி இருக்கே."

"உரசல் இல்ல அது."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். ஓடுகிற பட்டையிலிருந்து பக்கவாட்டில் தரையில் இறங்கினாள். காத்து டிரெட்மில்லை நிறுத்தப் போனாள்; அக்கா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேணாம். சத்தம் நின்னா வந்து எட்டிப் பார்ப்பாரு." கண்ணாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "இந்த ஒரு ரூம்லதான் நான் பேசறது அவருக்குக் கேக்காது."

"எத்தனை நாளா?"

"அதெல்லாம் கேக்காத. போன வாரம் தலகாணியை முகத்துல வச்சு அமுக்கினாரு. கண்ணு இருட்டினப்புறம்தான் எடுத்தாரு. எடுத்துட்டு, 'அடுத்த தரம் எடுக்க மாட்டேன்'னாரு. சும்மா சொல்ற குரல் இல்லடி அது."

"இப்பவே கிளம்பு. என் ரூமுக்கு. அங்கேருந்து எங்கயாவது."

"பையை எடுத்துட்டு..."

"பை கிடக்கட்டும். போட்டிருக்கறதோட வா."

அக்கா தலையாட்டினாள். இருவரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அவர்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்து நிறுத்திவைத்த படம் அங்கே பளபளத்தது. அவர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

உள்ளே வந்து கதவைத் தன் முதுகால் சாத்தினார்.

"அக்காளும் தங்கச்சியும் என்ன ரகசியம்?"

"நான் அவ கூடப் போறேன்," என்றாள் அக்கா.

அத்தானின் முதல் குத்து காத்துவுக்குத்தான் விழுந்தது. அது குத்து என்று தெரிவதற்குள் அவள் டிரெட்மில்லின் முன்பக்கக் கம்பியில் போய் மோதியிருந்தாள். வாய்க்குள் ஏதோ உடைந்தது. துப்பினாள், ரத்தத்தோடு பல் விழுந்து, ஓடுகிற பட்டையில் பயணம் போய்ப் பின்பக்கம் மறைந்தது. எழுந்தாள். விலாவில் பூட்ஸ் இறங்கியது. மறுபடி இறங்கியது. மூச்சு வெளியே போனது, உள்ளே வர வழி தெரியாமல் நின்றது.

"அவளை விடு!" அக்கா பின்னாலிருந்து பாய்ந்து அவர் முகத்தைப் பிராண்டினாள். கன்னத்தில் நகம் ஆழமாக உழுதது. அவர் திரும்பினார். பழகின கை பழகின இடத்துக்குப் போனது: இடது கை அக்காவின் வலது மேற்கையைப் பிடித்தது. வலது கை ஓங்கி அறைந்தது. அறைந்துகொண்டே இருந்தது. அக்காவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அந்தக் குளிரில் உதட்டிலேயே கெட்டிப்பட்டது. பிறகு அந்த வலது கை விரிந்து கழுத்தைத் தேடியது.

"எடுக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

வீட்டில் அவர் கைக்குச் சதை சிக்கும். இங்கே சிக்கியிருந்தது துணி. கம்பளிக்கும் பஞ்சுக்கும் விட்ட இடமெல்லாம் தொளதொளவென்று கிடந்த கைக்குழலைத்தான் அவர் கொத்தாகப் பிடித்திருந்தார். பிடி நழுவாமல் இருக்க அதை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். உள்ளே அக்காவின் கை, வேர்வையில் வழுக்கிக்கொண்டு, தனியாக இருந்தது. அக்கா தோளைத் தாழ்த்தினாள். முழங்கையை மடக்கினாள். அடிப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்த ஜன்னலில் முதலில் முழங்கை வந்தது; மிச்சம் தானாக வந்தது.

மூணாவது கை.

பலம் முழுவதையும் போட்டு இழுத்துக்கொண்டிருந்தவருக்கு மறுமுனையில் திடீரென்று ஒன்றுமில்லை. பின்னால் தடுமாறினார். அந்த வெற்றுக்கை முஷ்டியாகி அவர் தொண்டைக்குழியில் இறங்கியது. முட்டிக்குப் பின்னால் டிரெட்மில்லின் விளிம்பு தட்ட, மல்லாக்க ஓடுகிற பட்டையின்மேல் விழுந்தார். பட்டை அவரை அப்படியே வாரிக்கொண்டு போய்ப் பின்பக்கம் தள்ளியது. இரும்புச் சுவரில் மண்டை மோதிய சத்தம் விசிறி இரைச்சலையும் மீறிக் கேட்டது.

கைக்குழலை அவர் விடவில்லை. சுற்றியிருந்ததால் விட முடியவுமில்லை. அதன் காலி நுனி, பட்டை உருளையைச் சுற்றி அடியில் நுழைகிற இடத்தில் போய் விழுந்தது. மூடியிருக்க வேண்டிய தகடு மூலையில் கிடந்தது. உருளை நுனியைக் கவ்வியது, இழுத்தது. வேறு துணியாக இருந்தால் கிழிந்திருக்கும். இது கிழியாத துணி. கிழிப்பு எந்திரத்தில் மாட்டி, எந்திரம் முனகுகிறவரை இழுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் காத்துதான். துணி உள்ளே போக, சுற்றியிருந்த முஷ்டியும் கூடவே போனது.

அத்தான் அலறினார். மனிதக் குரல் என்று சொல்ல முடியாத அலறல். எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்குவது, அலறலுக்கு இடையில், உலர்ந்த சுள்ளி மாதிரி கேட்டது.

"நிறுத்து! காத்து, நிறுத்து! கயிறு!"

டிரெட்மில்லின் முகப்பில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். காத்து முன்கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கயிறு அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவின் வலது கை வெளியே வந்துவிட்டது. ஆனால் ஜாக்கெட் இன்னும் உடம்பில்தான் இருந்தது. இடது பக்கம் குட்டைத் திறப்பு, வலைத்துணி. அதில் கை வராது. வலது கைக்குழல் உருளைக்குள் போகப் போக, மொத்த ஜாக்கெட்டும் அக்காவை முட்டிபோட வைத்துப் பின்பக்கம் இழுத்தது. கழுத்துப்பட்டை தொண்டையில் இறுகியது. முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. அத்தானோ சுவரோரம் புரண்டு, நல்ல கையை நீட்டி அக்காவின் கால்சட்டையை எட்டிப் பிடித்திருந்தார். இந்த நிலையிலும் பிடித்திருந்தார்.

இப்போது நிறுத்தினால் பட்டை நிற்கும். அவரும் எழுந்துகொள்வார். அக்கா அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், ஜாக்கெட்டில் கட்டுண்டு கிடப்பாள்.

காத்து கயிற்றைத் தொடாமல், முட்டிபோட்டு அக்காவிடம் தவழ்ந்தாள்.

கழுத்தடியில் இருந்த ரன்னரை அவள் தொடக்கூட இல்லை. இரண்டு பக்கமும் விறைத்து இழுபடுகிற ஜிப்பில் ரன்னர் ஓடாது. பற்கள் அதைக் கவ்விக்கொள்ளும். ஆனால் முன்பக்க ஜிப்புக்கும் இரண்டு ரன்னர். உட்காரும்போது இடுப்பில் தளர்த்திக்கொள்ளக் கீழே ஒன்று உண்டு. இழுப்பெல்லாம் மேலே இருக்க, கீழே துணி தளர்ந்து கிடந்தது. அந்த ரன்னரைப் பிடித்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. வயிறு திறந்தது, நெஞ்சு திறந்தது, கழுத்தில் மட்டும் ஒரு வளையம் மிச்சம் நின்றது.

"தலையைக் குனி! குனி!"

அக்கா குனிந்தாள். காத்து வளையத்தைத் தலைவழியாக, காதைப் பிய்த்துக்கொண்டு உருவினாள். இடது கை கைக்குழலிலிருந்து தானே வழுக்கி வந்தது. காலைப் பிடித்திருந்த அத்தானின் மணிக்கட்டை அக்கா குதிகாலால் மிதித்தாள்; விடவில்லை; மறுபடி மிதித்தாள்; விட்டது. ஜாக்கெட் படபடவென்று அடித்துக்கொண்டு உருளைக்குள் போயிற்று. காத்து அக்காவைக் கதவுவரை இழுத்துக்கொண்டுபோய், உள்பக்கக் குமிழைத் தள்ளி, வெளியே தள்ளினாள்.

அப்புறம் திரும்பி வந்தாள். சிவப்புக் கயிற்றை இழுத்தாள்.

விரலில் கட்டோடு மாஸ்டர் ஓடிவந்தபோது அக்கா மெல்லிய உள்சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் தோளிலிருந்தும் கையிலிருந்தும் ஆவி புகையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தானை எடுத்துப் போனார்கள். உயிர் இருந்தது. இடது கை மணிக்கட்டுவரை இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். வெட்டு மேசைக்கு முன்னால் சகோதரிகள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டாள். காத்துவுக்கு வாய் வீங்கியிருந்தது. ஆனாலும் ஒரு காகிதத்தை எடுத்துக் கைக்குழல் வரைந்து, கை எப்படி வெளியே வந்தது என்று பொறுமையாக விளக்கினாள். அதிகாரி காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்ளோ நீளம்? அந்தப் பக்கம் இல்லையே?"

"அந்தக் கையிலதான் தடம் இருந்துச்சு. ஜிப்பு உரசுதுன்னு நினைச்சுட்டேன்."

அதிகாரி அக்காவின் மேற்கையைப் பார்த்தாள். இப்போது கேமரா தேவையில்லை. நாலு கோடும் கட்டைவிரலும் வெறும் கண்ணுக்கே கருநீலமாகத் தெரிந்தன.

"டிரெட்மில்லை எப்ப நிறுத்துனீங்க?"

"கயிறு அவளுக்கு எட்டல," என்றாள் அக்கா, காத்து வாயைத் திறப்பதற்கு முன்பே. "அவ கீழ விழுந்து கிடந்தா. கயிறு ரொம்பத் தள்ளி இருந்துச்சு."

ஸ்வெட்டருக்குள்ளிருந்து 'ஜிப்பு முனை உரசுது' என்று சொன்ன அதே குரல். எந்த முடிச்சும் இல்லாமல், அவ்வளவு இயல்பாக. காத்து திரும்பி அக்காவைப் பார்த்தாள். மேசைக்கடியில் அக்காவின் கை அவள் தொடையை அழுத்தியது.

காத்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

"எட்டுச்சு மேடம்," என்றாள். "இங்க, கன்னத்துக்கிட்டதான் இருந்துச்சு. முதல்ல அக்கா. அப்புறம்தான் கயிறு." காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கைக்குழலுக்குக் கீழே டிரெட்மில்லை வரைய ஆரம்பித்தாள். "இருங்க, எதுக்கு அந்த வரிசைன்னு சொல்றேன்."